வடக்கு முகமண்டபம்

எங்கள் ஊர் கிறிஸ்தவக் கோயிலின் வடக்கு முகமண்டபத்தை இடிக்க வேண்டும் என்று ஊர்ச்சபையில் சொன்ன, ஊரின் பெரிய நிலக்காரரும் மலைக்குச் சொந்தக்காரருமான ஹார்கோம்ப் துரை, சாட்சிக்கு ஒரு படத்தையும் கொண்டுவந்திருந்தார். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தது. மேற்கே, கோபுரத்துக்கு எதிரே சற்று ஒதுங்கி நின்று, பக்கச் சுவரும் தெரிய வரைந்தது. கோபுரத்துக்கு இடப்பக்கம், அதாவது வடக்கே, வெறும் சுவர். முகமண்டபம் வலப்பக்கம் இருந்தது.

"பாத்தீங்களா? உங்க மண்டபம் பிற்பாடு ஒட்டவச்சது. பழைய கோயில் எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கப் போறோம்," என்றார். ஃபென்னர் பாதிரியார் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

துரைக்குத் திடீரென்று பழமைமேல் பாசம் வந்த காரணம் எங்களுக்குத் தெரியும். மலையில் கல் உடைக்கிற நாங்கள் வருடாவருடம் சங்கம் கூடுவது அந்த மண்டபத்தில்தான். அங்கே பெயர் பதியாதவன் இந்த மலையில் உளி தொட முடியாது. வேறு இடத்தில் கூடினால் செல்லாது என்பது சாசனம். மண்டபம் போனால் சங்கம் போகும். சங்கம் போனால் வெளியூர் ஆளைப் பாதிக் கூலிக்கு இறக்கலாம்.

தாம்சின் கோல் எழுந்தாள். கல் சரிந்து புருஷன் செத்தபின் அவனுடைய கல்வெட்டுக் குழியை ஆள் வைத்து நடத்துகிறவள். வரி கட்டுவதால் சபையில் அவளுக்கும் ஒரு வோட்டு. படத்தை வாங்கி ஜன்னலோரம் போய்ப் பார்த்தாள்.

"இந்த வெறுஞ்சுவத்துல நிழல் கடிகாரம் கீறியிருக்கே. இதா துரை வடக்குச் சுவரு?"

"ஆமா."

"நம்ம குளிர்நாட்டுல சூரியன் வருஷம் பூரா தெக்காலதான் போகுது. வடக்குச் சுவத்துல நடுப்பகல் வெயில் என்னிக்கு விழுந்துச்சு?"

"துரை சொன்னா விழும் தாயி!" என்று பின்னாலிருந்து கத்தினான் கிழவன் ஈலாய். "சூரியனும் அவரு குத்தகைக்காரன்தானே?"

சிரிப்பு அடங்கும்வரை தாம்சின் காத்திருந்தாள்.

"அந்தக் கடிகாரம் இன்னிக்கும் தெக்குச் சுவத்துல இருக்கு. கழட்டி மாட்டினது இல்ல, கல்லுலயே கீறினது. வெண்ணெயில பேர் பதிக்கிற அச்சுக்கட்டையில எழுத்த நேரா வெட்டினா வெண்ணெயில எப்படி விழும்? இடம் வலமா, வலம் இடமா விழும். இந்த ஆளும் கண்ணுல பட்டத அப்படியே தகட்டுல வெட்டிட்டான். மாத்தி வெட்டணும்னு அவனுக்குத் தோணல."

பாதிரியார் படத்தை வாங்கித் திருப்பி, முதுகுப் பக்கமாக வெளிச்சத்தில் பிடித்தார். காகிதம் வழியே கோடுகள் தெரிந்தன. முகமண்டபம் வடக்கே நின்றது. அவருக்குக் காது சிவந்தது.

"அந்தம்மா சொல்றது சரிதான், துரை."

"படம் கிடக்கட்டும். வோட்டுக்கு விடுங்க."

நிலக் கணக்கில் துரை ஒருவருக்கே ஆறு வோட்டு. அவருடைய குத்தகைக்காரர்கள் தரையைப் பார்த்தபடி கை தூக்கினார்கள். தோற்றோம்.

"திங்கக்கிழமை இடிக்கிறோம்," என்றார் துரை.

"எங்காளுங்க எவனும் கடப்பாரை தொடமாட்டான்," என்றாள் தாம்சின். "பட்டணத்துலேர்ந்து கூட்டிட்டு வாங்க."

கூட்டி வந்தார். திங்கட்கிழமை காலை எட்டுப் பேர் வண்டியில் வந்து சேர்ந்தார்கள். மண்டபத்தில் நாங்கள் நாற்பது பேர் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து சங்கம் கூட்டியிருந்தோம். வாசற்படியில் தாம்சின் ரொட்டிக்கு நடுவே பன்றிக்கறி வைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"எந்திரிம்மா, வேலை இருக்கு," என்றான் மேஸ்திரி.

"எங்களுக்கும்தான் இருக்கு."

"உங்க கூட்டம் எப்ப முடியும்?"

"நாற்பது பேரும் பேசணும். அதுல ஈலாய் வேற இருக்கான்."

குதிரைமேல் இருந்த துரை, "இடிங்கடா!" என்றார்.

மேஸ்திரி கூரையைப் பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்தான். அவன் கையிலும் எங்களுக்கு இருக்கிற அதே காய்ப்புத்தான்.

"ஆள் உள்ள இருக்கிற கட்டடத்த நான் இடிக்கறதில்ல துரை. காலியானா சொல்லி அனுப்புங்க."

வண்டி திரும்பிப் போனது. வியாழக்கிழமை மறுபடி வந்தது. நாங்கள் உள்ளேதான் இருந்தோம்.