ரீச்சருக்கு மருந்து கட்டியது

தீர்த்தத்தின் முதல் துளி முதுகில் விழுந்ததும் ரீச்சர் எட்டுக் கால்களையும் ஒருமுறை குறுக்கிக்கொண்டார். அடுத்த கணம் கண்ணாடித் தொட்டியின் திறந்த மூடியால் வெளியே வந்து, நீக்கிலாப்பிள்ளையின் முழங்கையில் ஏறி, தோளைக் கடந்து, அங்கிருந்து பிடி தவறிச் சீமெந்துத் தரையில் விழுந்தார். விரித்த கையளவு புலிமுகச் சிலந்தி ஐந்தடி உயரத்திலிருந்து விழுந்தால் என்ன சத்தம் கேட்கும் என்பது கொழும்புத்துறையில் அதுவரை ஒருவருக்கும் தெரியாது. நனைந்த கைலேஞ்சித் துணி விழுந்த சத்தந்தான் கேட்டது.

வீடு மந்திரிக்க வந்த புதுப் பங்குச் சுவாமியார் கதிரையின் மேல் நின்றார். எப்போது ஏறினார் என்பதை ஒருவரும் காணவில்லை. தீர்த்தச் செம்பு மட்டும் ஒரு சொட்டும் சிந்தாமல் கையில் இருந்தது.

பிழை சுவாமியாருடையதல்ல. அவர் வரவேற்பறையையும் குசினியையும் மந்திரித்துவிட்டுப் போகத்தான் வெளிக்கிட்டார். நீக்கிலாப்பிள்ளைதான் மறித்து, "பாதர், இதுக்கும் ஒரு துளி போட்டு விடுங்கோ. மூண்டு கிழமையாச் சாப்பிடுறா இல்லை" என்று சொல்லித் தொட்டியின் மூடியைத் தன் கையாலேயே திறந்தார். கண்ணாடிக்கு மேலால் தெளித்தால் ஆசீர்வாதம் உள்ளே போகாது என்பது அவருடைய எண்ணம்.

இப்போது அவர் தேத்தண்ணிக் கிளாஸ் ஒன்றைக் கவிழ்த்து ரீச்சரை மூடிவிட்டு, முழங்காலில் நின்று பார்த்தார். வயிற்றின் மேற்புறத்தில் ஓர் அரிசி நீளத்துக்கு வெடிப்பு. அதிலிருந்து கசிந்தது இரத்தம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். உடுப்புத் தோய்க்கும் வாளியில் ஒரு சொட்டு நீலம் விட்டதுபோல வெளிறிய நிறம். முப்பத்தொரு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கட்டியவர் நீக்கிலாப்பிள்ளை. பஞ்சு வராத காலத்தில் பழஞ்சேலையைக் கிழித்து அவித்துக் கட்டியிருக்கிறார். முதலை கடித்த ஒருவனுக்கு மருந்து கட்டிவிட்டு, முதலைக்கும் பல்லில் மருந்து வைத்ததாக இன்றுவரை சொல்லிவருகிறார். ஆனால் இறுக்கிக் கட்டவும் முடியாத, தைக்கவும் முடியாத, எலும்பே இல்லாத நோயாளி அவருக்கு இதுதான் முதல்.

"மிருக வைத்தியருக்குப் போன் அடிச்சுப் பாப்பமோ?" என்று கதிரையிலிருந்து சுவாமியார் கேட்டார். அடித்தார்கள். சிலந்தி என்று சொன்னதும், "ஐயா, ஆடு மாடெண்டால் சொல்லுங்கோ, வாறன்" என்று வைத்தியர் போனை வைத்துவிட்டார்.

"அப்ப மகளைக் கேளுங்கோ. அவதானே வளத்தவ எண்டனியள்."

"மகளுக்கு மட்டும் சொல்லேலாது, பாதர்" என்றார் நீக்கிலாப்பிள்ளை. சொன்ன குரலைக் கேட்டுச் சுவாமியார் செம்பை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தார்.

விஷயம் இதுதான். இரண்டாயிரத்தெட்டில் மனைவி மக்டலீன் சுகமில்லாமல் கிடந்து இறந்துபோனபிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். தகப்பனும், பதின்மூன்று வயது லவீனாவும். பேச்சுக்கு ஆள் இருந்த வீட்டில் பேச்சு முழுவதையும் மக்டலீனே வைத்திருந்தாள் என்பது அவள் போனபின்தான் தெரிந்தது. ஊருக்கெல்லாம் புளுகிச் சிரிக்க வைத்த மனிதர், மகளுக்கு முன்னால் வாயைத் திறந்தால் "சோறு போடவோ" என்பதற்கு மேல் வராது. அவளிடமிருந்து "ஓம்" என்பதற்கு மேல் வராது. இப்படியே மூன்று வருடம். ஒருநாள் கிணற்றடியில் பட்டுப்போன முருங்கையை அவர் தறித்தபோது, பொந்துக்குள் பெருவிரல் நகத்தளவில் ஒன்று இருந்தது. கத்தியைத் திருப்பிப் பிடித்து நசுக்கப் போனவரின் கையை லவீனா பிடித்துவிட்டாள். "விடுங்கோ அப்பா. அது ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லை." மூன்று வருடத்தில் அவள் பேசிய ஆகப் பெரிய பேச்சு அது.

முதலில் ஹோர்லிக்ஸ் போத்தல், பிறகு இந்தத் தொட்டி. நரைத்த நிறத்தில், சத்தமே போடாமல், எல்லாக் கண்ணாலும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு நடந்ததால், பள்ளிக்கூடத்துக் கணக்கு ரீச்சரின் ஞாபகமாக அவள் அந்தப் பெயரை வைத்தாள். பின்னேரங்களில் தகப்பனும் மகளும் ரோர்ச் லைற்றோடு வேலியோரம் வெட்டுக்கிளி பிடிக்கப் போனார்கள். உயிரியல் படித்த பிள்ளை, ரீச்சர் மூச்சு விடுவது வயிற்றின் அடிப்பக்கத்தால் என்றாள். புகையும் வாசனையும் ஆகாது என்றாள். அன்றோடு நீக்கிலாப்பிள்ளை வீட்டில் நுளம்புத்திரி கொளுத்துவதை நிறுத்தினார். வெட்டுக்கிளியைத் துரத்திக்கொண்டு ஒருமுறை அவர் கால் தடுக்கி வாய்க்காலுக்குள் விழுந்து இருந்தபோது லவீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அச்சாகத் தாயின் சிரிப்பு. வாய்க்காலை விட்டு எழும்பாமல் அவர் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

பிறகு அவளுக்குக் கலியாணம், கனடா. அங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை. எட்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் இரவு ஏழு மணிக்குப் போன் வரும். முதல் கேள்வி, "அப்பா, ரீச்சர் சாப்பிட்டாவோ?" அதிலிருந்து கதை தொடங்கும். பெரிய வெள்ளிக்கிழமை ரீச்சர் ஒருசந்தி விரதம் இருந்தார் என்பார் தகப்பன். ரீச்சர் இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் சாப்பிடுகிறவர் என்பதால் அதை மறுக்க இடமில்லை. புயல் வருவதற்கு இரண்டு நாளைக்கு முன்பே மூட்டை கட்டிக்கொண்டு மூலைக்குப் போனார் என்பார். அரை மணித்தியாலம் சிரிப்பும் பேச்சுமாகப் போகும். ரீச்சரை எடுத்துவிட்டால் அந்த அரை மணித்தியாலத்தில் என்ன மிஞ்சும் என்று நீக்கிலாப்பிள்ளை ஓரிரு தடவை கணக்குப் பார்த்திருக்கிறார். "சோறு போடவோ" தான் மிஞ்சியது. அதையும் அவ்வளவு தூரத்துக்குக் கேட்க முடியாது.

சத்தம் கேட்டு, பின்வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் அடுத்த வீட்டுக் கனகசபாபதி வந்தார். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து இளைப்பாறியவர். கிளாசுக்குள் இருப்பதையும் கதிரையில் நிற்பவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்ன நீக்கிலார், ஆருக்கு அடி?"

"ரீச்சருக்கு. கசிவு நிக்கோணும் கனகர். மா மாதிரி ஏதும் வேணும், அச்சா நைசா. அரிசிமா வறுத்தது, பரபரெண்டு கிடக்கு. பவுடரெண்டால் வாசம், ஆகாது."

கனகர் தன் வீட்டுக்குப் போய், சாமியறையிலிருந்து திருநீற்றுக் குடுவையோடு திரும்பி வந்தார். "எங்கடை பசுவின்ரை சாணத்திலை நானே சுட்டது. சீலையிலை மூண்டுதரம் அரிச்சது. இதைவிட நைசு எங்கையும் எடுக்கேலாது." பிறகுதான் சுவாமியாரின் ஞாபகம் வந்து நிமிர்ந்தார். "பாதருக்கு ஏதும் மனக்குறை எண்டால்…"

சுவாமியார் முகட்டைப் பார்த்தார். "நான் கதிரையிலை நிக்கிறன். கீழை என்ன நடக்குதெண்டு இஞ்சையிருந்து எனக்கு வடிவாத் தெரியேல்லை."

கிளாசைத் தூக்கியதும், கோப்பை கழுவும் புதுப் பஞ்சுத் துண்டொன்றால் ரீச்சரின் முன்பக்கத்தை மெதுவாக அமத்திப் பிடிக்கும் பொறுப்பு கனகருக்கு. "கடிச்சால் என்ன செய்யும்?" என்று கேட்டார்.

"ஆள் சாகாது. சாகலாமோ எண்டு ரெண்டு நாளைக்கு யோசிப்பியள்."

"நல்லாச் சொன்னாய், போ."

நீக்கிலாப்பிள்ளை கோழி இறகின் நுனியில் திருநீற்றைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெடிப்பின் மேல் வைத்தார். மூச்சுப் பக்கம் படாமல், ஒரு அரிசி நீளத்துக்கு மட்டும். நீலம் நனைத்தது. இன்னொருமுறை வைத்தார். நனைத்தது. மூன்றாவது தரம் வைத்தபோது வெள்ளை வெள்ளையாகவே நின்றது. கனகரின் வாய் பழக்கத்தில் "சிவ சிவ" என்றது. நீக்கிலாப்பிள்ளையின் கை பழக்கத்தில் நெற்றிக்கும் நெஞ்சுக்கும் போனது. ரீச்சர் இரண்டையும் ஏற்றுக்கொண்டவர்போல அசையாமல் இருந்தார். சுவாமியார் கதிரையை விட்டு இறங்கி, போகும்போது வாசலில் நின்று, "நான் தெளிச்சிருக்கக்கூடாது" என்றார். "நான் திறந்திருக்கக்கூடாது பாதர்" என்றார் இவர்.

அன்று பொழுதுபடும்வரை கனகர் போகவில்லை. தொட்டியின் மூலையில் கால்களை ஒடுக்கிக் கிடந்த ரீச்சரைப் பார்த்தபடி சொன்னார். "இஞ்சை பார் நீக்கிலார், ஏதும் நடந்தாலும் பிள்ளைக்குச் சொல்லாதை. அரியாலைப் பக்கம் எங்கடை பழைய வளவிலை பனம்பொந்துகள் கிடக்கு. தேடினால் இதேமாதிரி ஒண்டு அம்பிடும். போனுக்குள்ளாலை ஆருக்குத் தெரியப்போகுது?"

நீக்கிலாப்பிள்ளை அதை நன்றாகவே யோசித்தார். வாழ்நாளில் அவர் சொன்ன புளுகுகளோடு பார்த்தால் இது சின்னது. ஆள் மாறினால் போதும், கதை ஒன்றும் மாறத் தேவையில்லை. இரண்டு வருடம், மூன்று வருடம் ஓட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"அப்பா, ரீச்சர் சாப்பிட்டாவோ?"

பதில் ஒன்றை ஆயத்தம் பண்ணித்தான் வைத்திருந்தார். ரீச்சருக்குத் தை மாதத்தில் கரப்பான் பிடிக்காதாம் என்பதில் தொடங்குவது. வாயைத் திறந்தார். அந்தக் கதை வரவில்லை. வந்தது நடந்தது மட்டுந்தான்: வீடு மந்திரித்தது, மூடியைத் திறந்தது, தோளால் ஓடி விழுந்தது, நீலக் கசிவு, கனகர், குடுவை, கோழி இறகு. ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

மறுபக்கத்தில் லவீனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பாதர் கதிரையிலை ஏறினவரோ?"

"ஓம்."

"கனகர் மாமா வீபூதி பூசினவரோ?"

"நான்தான் பூசினனான். அவர் பிடிச்சவர்."

"ஐயோ அப்பா, வர வர உங்கடை புளுகுக்கு ஒரு அளவில்லாமல் போச்சு. என்ரை வயிறு நோகுது."

நீக்கிலாப்பிள்ளை போனைத் திருப்பிக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தார். வெள்ளைக் குறி இட்ட வயிற்றோடு ரீச்சர் மூலையில் இருந்தார். சிரிப்பு நின்றது. கை உளைந்தது, அவர் போனை இறக்கவில்லை.

"எத்தினை நாளாச் சாப்பிடேல்லை?" குரல் மாறியிருந்தது.

"மூண்டு கிழமை."

"அது வருத்தமில்லை அப்பா. தோல் கழட்டப்போறா. இந்த வயசிலை நாள் எடுக்கும். தண்ணி வையுங்கோ, சாப்பாடு வைக்காதேங்கோ. தோல் கழண்டால் காயமும் அதோடை போயிடும். ஆனால், கழட்டேக்குள்ளை அந்த இடம் இழுபட்டால்…" பிறகு, "நீங்கள் சாப்பிட்டியளோ?"

"அதுதான் சொன்னனே, மூண்டு கிழமையா…"

"உங்களைக் கேட்டனான் அப்பா."

இடியப்பம் என்றார் கடைசியில். எத்தனை என்றாள். அஞ்சு என்றார். உண்மையில் மூன்று.

திங்கட்கிழமையும் போன் வந்தது. ஞாயிறல்லாத நாளில் அடித்ததால் ஆருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று பயந்து எடுத்தார். ரீச்சர் எப்பிடி என்று கேட்டாள். அப்படியேதான் என்றார். அசையாத ஒன்றைப்பற்றி ஒரு நிமிடத்துக்கு மேல் என்ன சொல்வது? வேறு வழியில்லாமல் கிணற்றில் தண்ணீர் நிரம்பியதைச் சொன்னார், பிறசருக்கு விழுங்கும் குளிசை மாற்றியதைச் சொன்னார். செவ்வாயன்று அவள், தன் இல்லத்தில் தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர் தினமும் தன்னைத் தங்கச்சி என்று நினைத்துக் கதைப்பதைச் சொன்னாள். "நானும் ஓமெண்டு கதைப்பன்" என்றாள். புதன்கிழமை இருவரும் மக்டலீன் வைக்கும் கணவாய்க் கறியில் புளி எப்போது விடுவது என்பதில் பிணக்குப்பட்டார்கள். தாயின் பெயர் அந்தப் போனில் வந்தது அதுதான் முதல் தடவை.

வியாழன் பின்னேரம் ஆறு மணிக்கு அவர் தண்ணீர் மாற்றப் போனபோது ரீச்சர் மல்லாந்து கிடந்தார். எட்டுக் காலும் மேலே. வேலிப் பொட்டால் எட்டிப் பார்த்த கனகர் உள்ளே வந்து, தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். செத்த வீட்டில் நிற்பது போலவே நின்றார்.

எட்டு வருடத்தில் நீக்கிலாப்பிள்ளை ஒருநாளும் தானாக மகளுக்கு அடித்ததில்லை. அவள் வேலையில் நிற்பாள், நித்திரையில் இருப்பாள் என்று எப்போதும் ஒரு காரணம் இருந்தது. இன்று நம்பரைத் தேடி அமத்தினார். முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் வெள்ளையாகப் பனி; தலையில் கம்பளித் தொப்பி. பஸ் தரிப்பில் நின்றாள்.

"பிள்ளை, ரீச்சர்…" என்றவர் மேலே சொல்லாமல் போனைத் திருப்பினார்.

"தொடாதேங்கோ." உடனே சொன்னாள். "அப்பா, தொடாதேங்கோ. அப்பிடிக் கிடந்துதான் கழட்டுறவ. கனகர் மாமா, கிட்டப் போகாதேங்கோ, மூச்சும் படக்கூடாது." கனகர் துவாயால் வாயைப் பொத்திக்கொண்டார். "என்னை அந்தப் பழைய ஹோர்லிக்ஸ் போத்திலோடை சாத்தி வையுங்கோ அப்பா. ரெண்டு பக்கமும் தெரியிற மாதிரி."

போனைப் போத்தலில் சாத்தி வைத்தார். கண்ணாடியில் ரீச்சரும், தன்னுடைய முகமும், சின்னத் திரையில் மகளின் முகமும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்தன.

"எவ்வளவு நேரம் செல்லும்?"

"தெரியாது. ஒரு மணித்தியாலம், நாலு மணித்தியாலம். காயம் கிடக்கிறபடியால் சொல்லேலாது."

"உனக்கு வேலையெல்லே?"

அவளுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது, ஆட்கள் ஏறினார்கள், கதவு கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்தது, பிறகு மூடிக்கொண்டு பஸ் போனது. நீக்கிலாப்பிள்ளை கதிரையை இழுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு அமர்ந்தார். ரீச்சரின் முன்கால் ஒன்று, இறுகிய கையுறைக்குள்ளிருந்து விரலை இழுக்கிறதுபோல, மிக மெதுவாக ஒரு நூலளவு பின்னுக்கு வந்து நின்றது. மூன்று பேரும் மூச்சு விடவில்லை. பனிக்குள் இரண்டாவது பஸ்ஸின் வெளிச்சம் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.