நாற்பத்தொன்பது சைஸ் மிடி

“ஒண்ணே ஒண்ணு. அதை மட்டும் நீங்க கேக்கக் கூடாது.”

“கேக்க மாட்டேங்க.”

“என்னன்னே தெரியாம ஒத்துக்கிறீங்க?”

“சரி, என்னன்னு சொல்லுங்க.”

“நான் லேப்டாப்புல மியூசிக் பண்ணுவேன். பாடுறது இல்லை, எலக்ட்ரானிக் மியூசிக். ஹெட்போனை மாட்டிட்டு உக்காந்தா மூணு மணி நேரம் எந்திரிக்க மாட்டேன். அதைத்தான்…”

“கேக்கவே மாட்டேன். சத்தியமா.”

ஆவுடையார்கோவிலில் பெண் பார்க்கப் போன அன்று, மாடிப்படியில் பத்து நிமிடம் தனியாகப் பேச விட்டபோது நடந்த பேச்சு இது. ‘அதைத்தான்’ என்பதற்குப் பிறகு ஹரிணி ஏதோ சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் கீழேயிருந்து “பஜ்ஜி ஆறுது” என்று குரல் வந்துவிட்டது. பஜ்ஜி ஆறவில்லை, ஆனால் பேச்சு ஆறிப்போனது.

கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. பிரவீன்குமார் கொடுத்த வாக்கை இம்மியும் மீறவில்லை. மனைவி செய்த இசையில் ஒரு துணுக்கைக்கூட அவன் காதால் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், இவன் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அவள் கால் கட்டைவிரலைப் பார்ப்பான். விரல் ஆடும். தோள் ஆடும். திடீரென்று தனக்குத்தானே சிரிப்பாள். என்ன தாளம், எதற்குச் சிரிப்பு என்று தெரியாமல் இவனுக்கு உள்ளே குறுகுறுக்கும். புதுக்கோட்டை டிராக்டர் ஷோரூமில் பேசிப் பேசியே வண்டி விற்பவன் அவன். மனைவியின் ஹெட்போனுக்கு முன்னால் மட்டும் வாயைத் திறக்க வராது. சத்தியம் பண்ணியாகிவிட்டதே!

அவளுடைய பிறந்தநாள் நெருங்கியபோது, லேப்டாப்பின் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டு ஒன்று அவன் கண்ணில் பட்டது. ‘மிடி, 49. கறுப்பு. பத்தாயிரத்துக்குள்ள. செகண்ட் ஹேண்டா இருந்தாலும் சரி.’

பிரவீன் சீட்டை இரண்டு தடவை படித்தான். என் பொண்டாட்டி பழைய மிடி உடுத்துவதா? ஷோரூமில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு நேராகக் கீழ ராஜ வீதிக்கு வண்டியை விட்டான்.

“மிடி வேணும்மா. கறுப்பு. நாப்பத்தொம்போது.”

துணிக்கடைப் பெண் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “இடுப்பா சார்? முப்பத்தெட்டுக்கு மேல வராதே. மேடம் கொஞ்சம்… பெரிய உடம்பா?”

“ஒல்லிதாம்மா.”

“மாசமா இருக்காங்களா?”

பிரவீனுக்குக் காது சிவந்தது. “அதெல்லாம் இன்னும் இல்லைம்மா. அவ கைப்பட எழுதியிருக்கா, நாப்பத்தொம்போதுன்னு. லேப் டெக்னீசியன், அளவு தப்பாது.”

யாரோ தைக்கக் கொடுத்து வாங்காமல் போன ஒன்று மாடியில் கிடந்தது. விரித்தால் நடுத்தரக் கல்யாணத்துக்குப் பந்தல் போடலாம். “பத்தாயிரம் வரைக்கும் போலாம்மா” என்று பிரவீன் நெஞ்சை நிமிர்த்தினான். “ஐயோ, இது எழுநூறுதான் சார்” என்று அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறந்தநாள் காலையில் ஹரிணி பொட்டலத்தைப் பிரித்தாள். கறுப்புத் துணி வந்துகொண்டே இருந்தது. மஞ்சள் சீட்டைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்று பிரவீன் பெருமையாகச் சொன்னதும், அவள் இரண்டு நொடி திகைத்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏங்க… மிடின்னா… கீபோர்டுங்க! நாப்பத்தொம்போதுங்கிறது கட்டை! கட்டைங்க!”

சிரிப்புச் சத்தம் கேட்டு மாமியார் பிரகதாம்பாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். துணியைத் தூக்கிப் பார்த்தார். “ஏன்டா தம்பி, இதுக்குள்ள நானும் அவளும் சேந்தே போயிரலாம் போலயே. கோயிலுக்குப் போகையில ஆளுக்கொரு பக்கம் புடிச்சுக்கிறோம்.” அப்புறம் மூன்று பேருமே தரையில்தான் உட்கார்ந்து சிரித்தார்கள். தோசை கருகிப்போனது.

அடுத்த ஞாயிறு வல்லத்திராக்கோட்டை வீட்டிலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக வண்டியில் கிளம்பினார்கள். புதுக்கோட்டையில் தவில், ஆர்மோனியம், கிதார் எல்லாம் விற்கிற கடை. கடைக்காரர் மலையாண்டி, நீளமான வெள்ளிநிறக் கீபோர்டு ஒன்றைத் தூக்கி மேசைமேல் வைத்தார். ஒரு பொத்தானை அழுத்தினார். டும் டக டும் டக என்று அதுவாகவே வாசித்தது.

“இதுல நூறு தாளம் இருக்கு. கச்சேரிக்கே போலாம்.”

“சூப்பருண்ணே, இதையே…” என்று பிரவீன் ஆரம்பித்தான்.

ஹரிணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “எனக்குத் தாளம் வேணாங்க. தாளத்தை நான் போட்டுக்குவேன். அண்ணே, மிடி கீபோர்டு இருக்கா?”

மிடி என்ற சொல்லைக் கேட்டதும் பிரவீன் கூரையைப் பார்த்தான்.

கடைக்காரர் மூன்றை எடுத்துப் பரப்பினார். பிரவீன் ஷோரூம் கெத்தோடு ஒரு கட்டையை அழுத்தினான். சத்தமில்லை. பத்து விரலாலும் அழுத்தினான். மூச்சு இல்லை.

“ஸ்டார்ட்டே ஆகலை. இதுக்கு எதுக்குண்ணே பணம்?”

“அதுல சத்தமே கிடையாது சார். கம்ப்யூட்டர்ல சொருகணும்.”

“ஊமைக் கீபோர்டா?”

“டிராக்டர்காரரே, இங்கிட்டு வாங்க” என்றாள் ஹரிணி. “இது ஸ்டியரிங் மட்டுந்தான். இஞ்சின் என் லேப்டாப்புல இருக்கு. இஞ்சினுக்கு எதுக்கு ரெண்டாவது தடவை பணம் குடுக்கணும்?”

சொன்னதும் பிரவீனுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அதற்கப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. இருபத்தைந்து கட்டை வைத்ததை எடுத்து, “ஒரு கைக்குத்தான் எடம் இருக்கு, இன்னொரு கை சும்மா கெடக்குமா?” என்றான். அறுபத்தொன்றை டேப்பால் அளந்து, “நம்ம மேசைக்கு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும்” என்று ஒதுக்கினான். நாற்பத்தொன்பதின் ஒவ்வொரு கட்டையையும் அமுக்கி, ஒட்டாமல் எழும்புகிறதா என்று பார்த்தான். கடைக்காரரின் கம்ப்யூட்டரில் சொருகச் சொல்லி, மெதுவாகத் தட்டினால் மெதுவாகவும் ஓங்கித் தட்டினால் ஓங்கியும் ஒலிக்கிறதா என்று ஒன்று விடாமல் சோதித்தான். ஒருத்தர் ஆறு மாதம் வாசித்துவிட்டுக் கொடுத்ததாம். ஓரத்தில் ஒரு கீறல், வேறு பழுதில்லை. ஹரிணி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீபோர்டைப் பார்த்ததைவிட அவனைப் பார்த்த நேரம் அதிகம்.

பெட்டியில் கட்டும்போது மலையாண்டி கேட்டார்: “ஸ்பீக்கர் ஒண்ணும் சேத்துப் போடட்டாம்மா? வீட்டுல நாலு பேரு கேக்க வேணாமா?”

“வேணாண்ணே. வீட்டுல யாரும் கேக்க மாட்டாங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பிரவீன் பக்கம் திரும்பவில்லை. அவனுக்குச் சுருக்கென்றது. தான் சத்தியம் பண்ணிய அதே சொல், அவள் வாயில் ஏன் இப்படி வாடிப்போய் வருகிறது?

ஊர் வரும்வரை வண்டியில் இரண்டு பேருக்கும் நடுவில் பெட்டி உட்கார்ந்திருந்தது. எட்டு மாதமாக அவன் தோளில் வைத்துவந்த கையை இன்று ஹரிணி பெட்டியைக் கட்டிப்பிடிக்க எடுத்துக்கொண்டாள். பிரவீனுக்கு அந்தப் பெட்டிமேல் லேசாகப் பொறாமைகூட வந்தது.

வீட்டில் பிரகதாம்பாள் கீபோர்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “பக்கத்து வீட்டு இருளாயி இப்பத்தான் கேட்டுட்டுப் போறா. ஒம் மருமக அந்தப் பொட்டியில என்னத்தத் தட்டுறா, அதுனால என்ன பிரயோசனம்னு.”

“பாத்தீங்களா அத்தை?” ஹரிணி லேப்டாப்பில் ஒயரைச் சொருகியபடியே சொன்னாள். “எங்க ஊருலயும் எல்லாரும் இதேதான் கேப்பாங்க. அதுனாலதான் பொண்ணு பாக்க வந்தன்னைக்கே ஒங்க மகன்கிட்ட சொல்லி வச்சேன். என்ன பிரயோசனம்னு மட்டும் கேக்கக் கூடாதுன்னு. பாவம், இன்னைக்கு வரைக்கும் கேக்கலை.”

பிரவீனுக்கு அப்போதுதான் விளங்கியது.

கேள்வி கேட்கக் கூடாது என்றுதான் அவள் சொல்லியிருக்கிறாள்! இவனோ காதைப் பொத்திக்கொண்டு எட்டு மாதம் தவம் கிடந்திருக்கிறான். ஞாயிறு ஞாயிறாக அவள் ஒரு பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்களா என்று ஏங்க, இவன் மறுபக்கத்தில் கட்டைவிரலைப் பார்த்து ஏங்க… பஜ்ஜிக்குக் கூப்பிட்ட அந்தப் புண்ணியவான் யாரோ!

நாற்பத்தொன்பது சைஸ் மிடி, தூசி படாமலிருக்கக் கீபோர்டுக்குப் போர்வையாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அளவு கச்சிதமாக இருந்தது. ஹரிணி ஹெட்போனை மாட்டினாள். பத்து விரலும் கட்டைகள்மேல் இறங்கின. அறையில் டொக் டொக் என்ற சத்தம் மட்டும் கேட்டது. அவள் முகம் மலர்ந்தது. கால் கட்டைவிரல் ஆட ஆரம்பித்தது.

பிரவீன் பக்கத்தில் போய் நின்று மெல்லச் சொன்னான். அவள் காதில் விழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னான். அதுவும் விழவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்ததையும் பொருட்படுத்தாமல், வயலுக்கு அந்தக் கோடியில் நிற்கிற விவசாயியைக் கூப்பிடுகிற ஷோரூம் குரலை எடுத்தான்.

“ஹரிணி! எனக்குக் கேக்கணும்!”