வயிறு தள்ளிய சன்னல்

கப்பலில் போய் வந்தவர்கள் போர்வை கொண்டு வருவார்கள், பீங்கான் கோப்பை கொண்டு வருவார்கள், கையில் வசதி இருந்தால் கடிகாரம் கொண்டு வருவார்கள். எங்கள் மரியசூசை அண்ணன் சீமையிலிருந்து ஒரு சன்னலைக் கொண்டு வந்தார். தலைக்குள் வைத்துத்தான் கொண்டு வந்தார். அதை அவர் தன் வீட்டுச் சுவரில் வைத்துக் கட்டத் தொடங்கியபோது பெரிய தெரு முழுவதும் வேலைவெட்டியை விட்டுவிட்டு வாய் பார்த்துக்கொண்டு நின்றது.

வரதராசன்பேட்டைக்குப் பக்கத்தில், முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவே எங்கள் ஊர். அவர் வீட்டுக்கு நேர் எதிரே என் வீடு. அதனால் இந்தச் சங்கதியை என்னைவிட ஒழுங்காகச் சொல்ல ஆள் கிடையாது. அடுத்த வீட்டு விஷயம் தெரியாவிட்டால் விண்ணரசிக்குச் சோறு இறங்காது என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. பேசிவிட்டுப் போகட்டும். கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வதாம்?

ஜெர்மன்காரனோடு நடந்த சண்டை முடிந்து அவர் ஊர் திரும்பிய வருஷம் அது. வந்த சூட்டோடு தெருப்பக்கச் சுவரை இடித்தார். செயங்கொண்டத்திலிருந்து ஆசாரி வந்தார், கும்பகோணத்திலிருந்து வைக்கோல் சுற்றிக் கண்ணாடி வந்தது. பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி ஒரு சன்னல் சுவரைத் தாண்டித் தெருவுக்குள் தள்ளிக்கொண்டு நின்றது. முன்னாலும் கண்ணாடி, இரண்டு பக்கமும் கண்ணாடி. ரொட்டிக் கடை வைக்கப் போகிறார் என்றார்கள். இல்லை, மாதா சுரூபம் வைக்கப் போகிறார் என்றார்கள். அவரோ வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பொறுக்குமா? உறைமோர் வாங்குகிற சாக்கில் நேராக உள்ளே போய்க் கேட்டே விட்டேன்.

கப்பலில் கரி தள்ளுகிற வேலை அவருக்கு. சீமைக் கரைக்குக் கிட்டே வரும்போது குண்டு விழுந்து கப்பல் முழுகிவிட்டது. கை வெந்துபோய்க் கிடந்தவரைக் கரை சேர்த்து, கடலோரத்து ஊர் ஒன்றில், அதன் பெரிய தெருவில் ஒரு வீட்டில் தங்க வைத்தார்கள். அந்தத் தெருவைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் மனுஷர் முகமே மாறிப்போனது. தெரு சரிந்து சரிந்து கடலில் போய் முடியுமாம். இரண்டு பக்கமும் முந்நூறு வருஷத்து வீடுகளாம். கட்டின வருஷத்தை வாசலுக்கு மேலே கல்லில் வெட்டி வைத்திருப்பார்களாம். உடைந்த கப்பலின் மரத்தை உத்தரமாகப் போட்ட வீடு ஒன்று, ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும் வீடு ஒன்று, மாடி மட்டும் தெருவை எட்டிப் பார்க்கும் வீடு ஒன்று. சாய்ந்த வீட்டை ஏன் நிமிர்த்தவில்லை என்று கேட்டேன். சாய்ந்திருப்பதுதான் அவர்களுக்குப் பெருமை என்றார். இது என்ன கூத்து என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் உறைமோரை மறந்துவிட்டு இன்னும் இன்னும் கேட்டேன். வாசல் எவ்வளவு உயரம், அடுப்பு எந்தப் பக்கம், அந்த ஊர்ப் பெண்கள் சாணி தெளிப்பார்களா, எல்லாம் கேட்டேன்.

எல்லாம் சொல்லிவிட்டு, உள்ளறையைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"நான் தங்கியிருந்த வூட்டுக்காரம்மாவுக்கும் நடக்க வராது விண்ணரசி. இந்த மாதிரி சன்னலுக்குள்ளதான் நாளெல்லாம் ஒக்காந்திருக்கும். அங்கேருந்து பாத்தா தெருவோட ரெண்டு கோடியும் தெரியும். அதப் பாத்த அன்னிக்கே ஒங்க மதினிக்கு ஒண்ணு கட்டணும்னு முடிவு பண்ணிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மதினி என்றால் அவர் மனைவி அமலோற்பவமேரி. பிறந்த பிள்ளையும் தங்காமல், அந்தப் பிரசவத்திலேயே காலும் விளங்காமல் போய், பல வருஷமாக உள்ளறைக் கட்டிலே கதி என்று கிடந்தவள். தூக்கிக்கொண்டாவது கோயிலுக்குப் போகலாம் என்றால் பிடிவாதமாக மறுத்துவிடுவாள். ஊர் வேடிக்கை பார்க்க நான் வெளியே வரமாட்டேன் என்பாள். சாமியார்தான் வீட்டுக்கு வந்து பூசையின் நன்மை அப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். இந்தச் சன்னலில் உட்கார்ந்தால் யார் தோளிலும் ஏறாமல் தெருவைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அண்ணன் கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஊரில் சன்னலுக்குள்ளே யார் இருந்தாலும் தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்க மாட்டார்களாம், அது மரியாதை இல்லையாம். எங்கள் ஊரில் எட்டிப் பார்க்காமல் போனால்தான் மரியாதை இல்லை.

அமலோற்பவத்தை நாற்காலியில் வைத்து அங்கே உட்கார்த்திய முதல் நாளே ஊர் திரண்டுவிட்டது. கண்ணாடியில் மூக்கு மூக்காக அப்பியிருந்தது. முந்திரி பொறுக்கப் போகிறவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். கால் கொஞ்சங்கூட ஆடாதா என்று கண்ணாடியைத் தட்டிக் கேட்டாள் ஒருத்தி. மதினி சேலையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். என்னைக் கூண்டில் அடைத்து வேடிக்கை காட்டுகிறீர்களே என்று புருஷனைத் திட்டினாள். அவர் திரை வாங்கி வந்து மாட்டினார். திரைக்குப் பின்னால் உட்காருவதற்கு உள்ளறையே தேவலை என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அவரிடம் அதைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் திரை விலகியிருந்தது. பார்க்கிறவர்களை இவள் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மாவா பார்த்தாள்? பக்கக் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆளாளுக்கு விசாரணை. உன் மருமகள் தாய்வீட்டுக்குப் போய் ஏன் இன்னும் திரும்பவில்லை? அந்தத் தரகனோடு கோயில் மூலையில் நின்று என்ன பேச்சு? நின்றவர்களுக்கு அவசர வேலை வந்துவிட்டது. சிலர் நின்று பதில் சொல்லிப் பழகிவிட்டார்கள். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் முடிவதற்குள் அவளை உற்றுப் பார்ப்பதற்கு ஊரில் ஆள் இல்லை. ஓர் ஆட்டுக்குட்டி மட்டும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

இப்படி இருக்கும்போது அந்தோணியார் திருவிழா வந்தது. சண்டைக் காலத்தில் தேரை வெளியே எடுக்காமல் சின்னச் சப்பரத்தோடு முடித்துக்கொண்டிருந்தோம். இந்த வருஷம் தேர் உண்டு என்று கோயிலில் சொன்னபோது எல்லாருக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு விஷயத்தை மட்டும் சுத்தமாக மறந்துவிட்டிருந்தோம். தேர் புறப்படுவதற்கு முன்னால், தேரின் அகலத்துக்கு வெட்டி வைத்திருக்கும் மூங்கிலைத் தெருவுக்குக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு நாட்டாண்மை கோடிக்குக் கோடி நடப்பார். மூங்கில் எதன் மேல் படுகிறதோ, கூரையோ, மரக்கிளையோ, பந்தலோ, அதை அந்த வீட்டுக்காரரே தன் கையால் எடுத்துவிட வேண்டும். நாட்டாண்மை வீட்டுக் கூரையாக இருந்தாலும் விலக்கு இல்லை.

நாட்டாண்மை சவரியார் மூங்கிலோடு வந்தார். அது அண்ணன் வீட்டுக் கண்ணாடியில் போய் டங்கென்று இடித்தது.

சவரியார் கெட்டவர் இல்லை. மூங்கிலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, பிரித்துவிடப்பா என்று மெதுவாகத்தான் சொன்னார். அண்ணன் முடியாது என்றார். நான் இருந்த ஊரில் முந்நூறு வருஷமாக வீடுகள் தெருவுக்குள் நீட்டிக்கொண்டுதான் நிற்கின்றன, தெருதான் வளைந்து போகும், ஒருத்தரும் ஒரு கல்லை அசைத்ததில்லை என்று மூச்சு விடாமல் பேசினார்.

"அந்த ஊர்ல தேர் இருக்கா?" என்றார் சவரியார்.

 அண்ணன் சன்னலுக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார். "கூரையப் பிரிக்கச் சொல்லுங்க மாமா, இப்பவே பிரிக்கிறேன். இதத் தொட வுட மாட்டேன். இதப் பிரிச்சா அவ மறுபடி அந்த இருட்டுக்குள்ளதான் போகணும்."

தேர் இதைத் தாண்டாவிட்டால் தெருவின் கீழ்ப்பாதிக்குத் தேர் கிடையாது. கீழ்ப்பாதிக்காரர்கள் கத்தினார்கள். மேல்பாதிக்காரர்கள் நியாயம் பேசினார்கள். எனக்கு எந்தப் பக்கம் பேசுவதென்றே தெரியவில்லை. வாழ்நாளில் நான் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான்.

பக்கக் கண்ணாடிக் கதவு திறந்தது. அமலோற்பவம் தலையை வெளியே நீட்டினாள்.

"பிரிச்சிருங்க" என்றாள்.

அண்ணன் திரும்பி அவளைப் பார்த்த பார்வையை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லாருக்கும் பயந்து விட்டுக்கொடுக்கிறாயா, மறுபடி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளப் போகிறாயா என்று கேட்டார்.

"உள்ள யாரு போறா?" என்றாள் அவள். "வெளிய தூக்கிட்டு வாங்க. என்னைப் பாக்க வேண்டியவங்கல்லாம் பாத்து முடிச்சிட்டாங்க."

 கண்ணாடியில் மூக்கை அப்பினவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள், நான் உட்பட. சவரியார் மூங்கிலைச் சுவரில் சாத்திவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் தன் கையாலேயே ஒவ்வொரு கண்ணாடியாகக் கழற்றினார். ஒன்றுகூட உடையவில்லை.

தேர் அன்றைக்குச் சாயங்காலம் வேட்டுச் சத்தத்தோடு எங்கள் பக்கம் வந்தது. அமலோற்பவம் தன் வீட்டு வாசலில் நாற்காலியில் இருந்தாள். பல வருஷத்துக்குப் பிறகு அவள் மேல் தெருப் புழுதி படிந்திருந்தது, அதைத் தட்டிவிடக்கூட இல்லை. தேர் அவள் வீட்டு முன்னால் வந்து நின்றதும் சவரியார் வடத்தின் நுனியை ஒதுக்கிக்கொண்டு வந்து அவள் மடியில் வைத்தார். அவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பார்த்த எங்கள் மனசுக்குத் திருப்தியாக இருந்தது. தொட்டுக் கும்பிட்டுவிட்டு விட்டுவிடுவாள் என்று நாங்கள் காத்திருந்தோம்.

அவள் விடவில்லை. சுற்றி நின்ற எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"சும்மா நின்னா எப்படி? நாற்காலியத் தூக்குங்கடி" என்றாள்.

நானும் இன்னும் மூன்று பேரும் தூக்கினோம். பின்னால் தேர் அசைந்தது. அண்ணன் ஓடி வந்து அவளுக்குப் பக்கத்தில் வடத்தைப் பிடித்தார். தெருவின் கீழ்க்கோடி வரைக்கும் அவள் இறங்கவே இல்லை.