மல்லிகைக்கு ஊற்றிய குடம்

சாயப்பட்டறை முதலாளி மகுடேஸ்வரன் வீட்டுத் தோட்டத்தில் அந்தச் சித்திரையில் மல்லிகை பூத்துக் கொட்டியது. ஆழ்துளைப் போர் தண்ணீர் சாயமாகவே வரும் ஊரில் இது என்ன அதிசயம் என்று வந்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள்.

அதிசயமாவது மண்ணாவது. செடி கருகினால் வேலை போய்விடும் என்று பயந்து, தோட்ட வேலைக்காரி ராக்கம்மாள் தினமும் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றினாள். வேலைக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு முதலாளி வரவழைக்கும் லாரித் தண்ணீரில் அது அவள் வீட்டுப் பங்கு. அவள் பிள்ளைகள் அரை டம்ளர் குடித்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டு கிடந்தார்கள்.

முதலாளி ஒருநாள் பூக்கூடையைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"ராக்கம்மா, நாளையிலிருந்து லைன் ஊட்டுக்கு லாரி வராது. போர் தண்ணியே போதும். பூச்செடிக்கே ஒத்துக்குது, மனுசனுக்கு ஒத்துக்காதா?"

ராக்கம்மாள் கூடையைக் கீழே வைத்தாள்.

"மொதலாளி, அது போர் தண்ணி இல்ல. நாங்க குடிக்கிற லாரித் தண்ணி. செடி பட்டுப்போச்சுன்னா என்னைய வெரட்டிருவீகளேன்னு நாந்தான் ஊத்துனேன்."

அவர் கோபப்படவே இல்லை. ஒரு பூவை எடுத்து முகர்ந்தார்.

"செடிக்கு ஊத்தற அளவுக்கு மிச்சம் இருந்துருக்குது. அப்பறம் எதுக்கு லாரி?"