ஷான்டோங் விதை

தெற்கே ஷான்டோங்கிலிருந்து சீனாவின் வடகோடி ஹெய்ஹேவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த யூன்ஷியாவுக்குப் பிறந்த வீட்டுப் பெருமை பேசாவிட்டால் சாப்பாடு இறங்காது. "உங்க ஊர் சோயாவும் ஒரு செடியா? குழந்தை உக்காந்தா மறைக்காது" என்று வாய் ஓயாமல் அளந்தாள். அளந்தது போதாதென்று அந்த வசந்தத்தில் ஊரிலிருந்து ஒரு மூட்டை விதையையும் வரவழைத்தாள். "நம்ம நிலத்துல வேண்டாம்" என்று அவள் புருஷன் ஒரே பிடியாக நின்றுவிட்டான். அவனுடைய அண்ணன் பெண்டாட்டி பாவ்சின்தான், புருஷனை இழந்தவள், தனக்கென்று இருந்த ஒரே வயலைக் கொடுத்தாள்.

"நீ சொன்னா சரியாத்தான்டி இருக்கும்."

ஜூலையில் செடிகள் இடுப்பளவு உயர்ந்து தளதளவென்று நின்றன. சுற்று வயல்களின் குட்டைச் செடிகளெல்லாம் பூத்துவிட்டன. இதில் மட்டும் ஒரு பூவைக் காணோம். யூன்ஷியா, ஷான்டோங்கில் விதைக்கடை வைத்திருக்கும் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அடிப்பாவி, அங்க போயா விதைச்சே? நம்ம விதை பகல் குறையாம பூக்காது, அதோட மரபணுவே அப்படி. அங்க கோடையில பகல் எவ்வளவு நீளம்? அந்த ஊர்ச் செடிங்க தலைமுறை தலைமுறையா மாறி, நீளப் பகல்லயும் பூக்குது. உன்னுது பூத்துக் காய் முத்துறதுக்குள்ள உறைபனி விழுந்துரும். இப்பவே உழுதுட்டு முட்டைக்கோஸ் போடச் சொல்லு."

கோஸ் விதைக்க இன்னும் காலம் இருந்தது. அன்று சாயங்காலமே பாவ்சின் வேலியோரம் வந்து நின்றாள்.

"பூவையே காணோமேடி?"

"பெரிய செடிதானே அக்கா. மெதுவாத்தான் பூக்கும்."

சொல்லும்போது நாக்குக் கூசவில்லை. பேசிய பேச்சுக்கு ஊர் சிரிக்குமே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

செப்டம்பரில் உறைபனி விழுந்தது. விடிந்து பார்த்தால் வயல் முழுக்கக் கறுத்துத் தொங்கியது. பிந்திப் பூத்துப் பிடித்த காய்களைப் பிதுக்கினால் வெறும் தண்ணீர். பக்கத்து வயல்காரர் தூ என்பவர் வரப்பில் நின்று தலையைச் சொறிந்தார்.

"ஷான்டோங் மகாராணி, மாட்டுக்கு நல்லாத் தீவனம் வளத்திருக்கீங்க."

"அவள ஏன் சொல்றீங்க?" என்று பாவ்சின் சீறினாள். "அவளுக்கு மட்டும் என்ன தெரியும்? தெரிஞ்சிருந்தா ஜூலையிலயே ஓடி வந்து சொல்லியிருக்க மாட்டாளா?"

அவர் யூன்ஷியாவைப் பார்த்தார். வெட்கத்தில் அவளுக்கு உயிரே போனது. ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அவள் கைகள் நடுங்குவதைப் பாவ்சின் கவனித்தாள். குளிர் என்று நினைத்து, தன் கையுறைகளைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டாள்.