காற்றுக்கு நிற்காத மை

...போச்சு, இதுவும் இத்தனை சீக்கிரமே அடைத்துக்கொண்டது, மணமகள் பெயரில் பாதி எழுத்து விழவில்லை, அச்சடிக்கிற சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் வலைக்கண்ணெல்லாம் மை காய்ந்து உட்கார்ந்திருக்கிறது, இந்தத் தை மாதக் காற்றுக்குக் கொழிஞ்சாம்பாறையில் வேறு வேலையே இல்லையா, வாளையார் செக்போஸ்ட்டில் லாரி லாரியாக நிறுத்துகிறவர்கள் இதை ஒரு நாளாவது நிறுத்தித் தொலைக்கக்கூடாதா... மோகனசுந்தரம் ஈரத்துணியால் வலையைத் துடைத்தான், துடைத்தால் பெயர் வருகிறது, அனுப்பிரியா என்று முழுசாக வருகிறது, அடுத்த பையில் மறுபடியும் எழுத்தின் கால் போய்விடுகிறது. எருத்தேன்பதிக் குப்பண்ணனின் மகள் கல்யாணத்துக்கான தாம்பூலப் பை இது, பெண்ணுக்குக் காலில்லாமல் கொடுத்தால் அவர் சும்மா விடுவாரா? சாயங்காலம் வண்டியோடு வந்து நிற்பார்.

மேசைமேல் இரண்டு டப்பா, இரண்டும் தண்ணீரில் கரைகிற மைக்கான பேஸ், நிறத்தைக் கலந்தால் மை, அவ்வளவுதான் சங்கதி, ஆனால் எந்தப் பேஸ் நிற்கும் என்று எவன் சொல்கிறான்? திருப்பூர்ப் பேஸ் ராத்திரி மூடி வைத்தால் காலையில் மேலே தண்ணீரும் கீழே திரிந்த பால் மாதிரி கட்டியுமாகப் பிரிந்து கிடக்கிறது, கலக்கினால் சேர்கிற மாதிரி நடிக்கிறது, நிறத்தைப் போட்டதும் நீர்த்துத் துணியில் ஓடுகிறது. கோயமுத்தூர்ப் பேஸ் தங்கம், எத்தனை நாள் ஆனாலும் வெண்ணெய் மாதிரி அப்படியே இருக்கிறது, நிறமும் பிடிக்கிறது, ஆனால் காற்றென்றால் பயம் அதற்கு. "காத்த அடைங்க, சுத்தியும் ஈரத்துணி தொங்கவுடுங்க, நம்ம பேஸு நிக்குமுங்க" என்றான் போனில் அதன் ஏஜெண்ட் சிவப்பிரகாஷ், மத்தியானத்துக்குள் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லவேண்டுமாம். ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு காற்றை அடை என்பது சுலபம்தான். குப்பண்ணனிடம் சொன்னால் அவருக்குச் சிரிப்பு, "ஏனப்பா மோகனு, எதுக்கு இந்தச் சீரழிவு, பழைய மையிலயே அடிச்சுக் குடுத்துரு, தாம்பூலப் பைய எவன் மோந்து பாக்கறான்?"

எவனும் மோந்து பார்க்கமாட்டான், சரிதான். பழைய மை கீழே சாக்கு மூடிக் கிடக்கிறது, பக்கத்தில் அதைக் கரைக்கிற தின்னர் கேன், நாற்றம் மூக்கைத் துளைக்கும், ஆனால் எந்தக் காற்றுக்கும் அசையாத மை, ஒரு பொழுதில் முடிந்துவிடும் வேலை. ஆனால் அச்சடிக்கிற இந்தக் கொட்டகைக்கும் படுக்கையறைக்கும் ஒரே சுவர், உள்ளே ஜீவிதா, ஐந்தாம் மாதம். போன தடவை நான்காம் மாதத்தில் கலைந்தபோது டாக்டரம்மா காரணம் ஒன்றும் சொல்லவில்லை, சில சமயம் இப்படி ஆகும் என்றார்... அந்த நாற்றத்தினால்தான் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. இவனுக்குள்தான் அது கிடந்து அரிக்கிறது. அதனால்தானே மையை மாற்றினான், கேட்டவர்களிடம் இப்பல்லாம் இதுதான் பேஷன் என்று புளுகினான், அவளிடமும் அதையே புளுகினான். அப்புறம் ஏன் காலையில் அந்தக் கேன் மூடியைத் திருகினான்? திறக்கவா? சே, இறுகியிருக்கிறதா என்று பார்க்கத்தான். பார்க்கத்தானா? நாற்றம் ஒரு நொடிதான் வந்தது, உடனே மூடிவிட்டானே.

சரி, காற்றை அடைத்துத்தான் பார்ப்போமே, சாக்கு இருக்கிறது, போதாது, இன்னும் அகலமாக ஏதாவது வேண்டும்... வீட்டுக்குள் போனான், பின்கட்டில் ஜீவிதா பாத்திரம் கழுவுகிற சத்தம், "ஈரம் பண்ணித் தொங்கவுடத் துணி வேணும் ஜீவி" என்று கத்திவிட்டுப் படுக்கையறைக்குள் நுழைந்தான், கொட்டகைப் பக்கத்து ஜன்னலில் பூப்போட்ட கர்ட்டன், நல்ல கனம், நனைத்தால் சாயங்காலம் வரை காயாது, கம்பியிலிருந்து உருவினான். ஜன்னல் கதவு சாத்தியிருந்தது, எப்போதும் சாத்தித்தான் இருக்கும், ஆனால் இது என்ன, கதவிடுக்கு நெடுக, மேலேயும் கீழேயும், துணியாகத் திணித்து... எலியா? எலி இவ்வளவு ஒழுங்காகத் திணிக்குமா? கத்தி முனையால் நெம்பித் திணித்த மாதிரி அவ்வளவு இறுக்கம். ஒன்றை இழுத்தான், வரவில்லை, விரலை விட்டு இழுத்தான். தாம்பூலப் பை. கோணலாக விழுந்ததென்று அவன் கழித்துப்போட்ட பை, யாரோ ஒரு கோமதியின் கல்யாணத்துக்கு அடித்தது, முந்தின வருஷத்து ஆவணி என்று அச்சாகியிருக்கிறது, பழைய மை, முகர்ந்தால் இன்னும் லேசாக அந்த வாடை.

முந்தின வருஷத்து ஆவணியில் அவளுக்கு மூன்றாம் மாதம்.

அப்போதே அடைத்திருக்கிறாள், கலைவதற்கு முன்னாலேயே, அவன் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டைப் போட்டுக்கொண்டு பை அடித்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் இவள் ஒவ்வொரு இடுக்காக... ஏன் சொல்லவில்லை? சொன்னாளா? சொல்லி, தொழிலென்றால் நாற்றம் இருக்கத்தான் செய்யும் என்று ஏதாவது அவன் சொல்லித் தொலைத்தானா? ஞாபகமில்லை, ஐயோ, ஞாபகமே இல்லையே. அழவேண்டும் போலிருந்தது, கையில் பையை வைத்துக்கொண்டு பட்டப்பகலில் அழுவதா? கீழிடுக்கில் ஒன்று மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது, அழுக்கே படாத புதுத்துணி, குனிந்து நுனியைத் திருப்பினான். பெயரில் பாதி எழுத்து விழாமல், அனுப்பிரியா. நேற்று சாயங்காலம் அவன் ஒத்திகை பார்த்துக் கழித்துப்போட்டது. அவன் கேன் மூடியைத் திருகியது இன்றைக்குக் காலையில், அந்த ஒரு நொடி நாற்றம் அவளுக்கும் எட்டியிருக்கவேண்டும்.

"ஏனுங்க, அந்தக் கர்ட்டன மட்டும் எடுத்துராதீங்க" என்றாள் ஜீவிதா பின்கட்டிலிருந்து, பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது, "அந்தப் பக்கமிருந்து ஒரே காத்துங்க." மோகனசுந்தரம் கோமதியின் பையை எடுத்த இடத்திலேயே வைத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் திணித்தான், கர்ட்டனைக் கம்பியில் கோத்தான். "எடுக்கல ஜீவி, வேற பாத்துக்கறேன்." சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, சிவப்பிரகாஷ்தான், கோயமுத்தூர்ப் பேஸ்தான் என்று சொல்லிவிடலாம், தின்னர் கேனை இப்போதே கொண்டுபோய் ரோட்டில் கொட்டிவிடலாம், அவள் கண்ணெதிரிலேயே கொட்டலாம், கொட்டினால் நம்புவாளா... இந்த ஜன்னல் கொட்டகைக்குள்தான் திறக்கிறது, அந்தப் பக்கமிருந்து வந்ததெல்லாம் காற்றில்லை, நாற்றம்தான்.