வேர்க்கடலை இல்லாத உருண்டை

இருபத்திரண்டு உருண்டைகளைத் தட்டில் வரிசையாக அடுக்கிவிட்டு, பெரியவள் இடுப்பில் கை ஊன்றி நின்று அழகு பார்த்தாள். அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தோடு காய்ந்த அத்திப்பழமும் பாதாமும் சேர்த்து மிக்ஸியில் இரண்டு சுற்று. கையில் நெய் தடவி உருட்டினால் வேலை முடிந்தது.

இந்தக் குட்டி வேலைக்காக அவள் ஆறு வருஷம் காத்திருந்தாள். கொழுந்தன் மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. துளி உள்ளே போனாலும் உதடு வீங்கி மூச்சு முட்டும். அதனால் ஓரகத்தி எந்த வீட்டுக்குப் போனாலும் பிள்ளைக்குத் தனி டப்பா கொண்டுவருவாள். பெரியம்மா வீட்டிலும் அதே டப்பாதான். போன வாரம்தான் மனசு இறங்கி, "பாதாம் அவளுக்கு ஒத்துக்கும்க்கா. ஞாயித்துக்கிழமை நீங்களே ஏதாச்சும் செஞ்சு குடுங்க" என்றாள்.

பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. புதுப் பாக்கெட்டுகளாக வாங்கி, பின்னால் இருந்த பொடி எழுத்தையெல்லாம் கண்ணாடி போட்டுப் படித்தாள்.

கணவர் எட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா! ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

"கைய ஒடிச்சிடுவேன். குழந்தை வரட்டும்."

"சரி தாயே. எந்த ஜார்ல அரைச்சே?"

"சின்ன ஜார்ல. ஏன்?"

"நேத்து அதுலதான் என் பொடிய அரைச்சேன். பளிச்சுனு கழுவியும் வச்சேன், பார்த்தியா?"

அவர் பொடி என்றால் வேர்க்கடலைப் பொடி. உடம்பைத் தேற்றுகிறேன் என்று வாழைப்பழத்தின் மேல் தூவித் தின்கிறவர்.

பெரியவள் ஜார் மூடியைத் திருப்பி, ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பினாள். அடியில் வெளிறிய மாவு கோடாக ஒட்டியிருந்தது.

"இத்தனூண்டு! இதுவா உருண்டைக்குள்ள போயிருக்கப் போகுது?"

"போகலைன்னு சத்தியம் பண்ணுவீங்களா?"

வாசல் மணி அடித்தது.

"தட்டு கை தவறிக் கொட்டிடுச்சுன்னு சொல்லிடேன்" என்றார் மெதுவாக.

சொல்லலாம். உண்மையைச் சொன்னால், இனி இந்த வீட்டில் பிள்ளை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காது.

"பெரியம்மா, எங்க என் உருண்டை?" என்று குழந்தை ஓடிவந்தது.

பெரியவள் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். "தொடாத கண்ணு. உன் அம்மாவக் கூப்பிடு."

ஓரகத்தியிடம் ரப்பர் வளையத்தை நீட்டி எல்லாவற்றையும் சொன்னாள். "பிரிச்சுப் பார்க்காம அரைச்சது என் தப்புதான்."

ஓரகத்தியின் முகம் வெளுத்தது. மகளை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது, இல்லக்கா?"

"தெரிஞ்சிருக்காது."

"பிரிக்காத பாக்கெட் மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"மேடையத் துடைச்சு, கைய நல்லாக் கழுவுங்க. மிக்ஸி வேணாம். பையில என் கத்தியும் பலகையும் இருக்கு."

"அதையுமா சுமக்கிறே?"

"ஆறு வருஷமா."

பெரியவள் கணவர் பக்கம் திரும்பினாள். "இந்தத் தட்டைத் தூக்கிட்டு பால்கனிக்குப் போங்க. தின்னுட்டு, வாய் கொப்பளிச்சு, சட்டைய மாத்திட்டு வாங்க."

"இருபத்திரண்டுமா?"

"உங்க தலையெழுத்து."

பொடிப்பொடியாக நறுக்கிப் பிசைந்து உருட்ட ஒரு மணி நேரம் பிடித்தது.

"இது ஏன் பெரியம்மா கோணலா இருக்கு?"

"அது உங்கம்மா உருட்டினது."

குழந்தை அதைத் தின்று முடித்து இன்னொன்றுக்குக் கை நீட்டியது. இந்தத் தடவை பெரியவள் உருட்டியது.

கிளம்புகிற நேரத்தில் ஓரகத்தி கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு உறையை எடுத்தாள். பிள்ளைக்கு மூச்சு முட்டினால் போடுகிற ஊசி. அதைவிட்டு ஒரு நாளும் பிரியாதவள்.

"வீட்டுல இன்னொண்ணு இருக்கு. இது உங்ககிட்ட இருக்கட்டும். அடுத்த சனிக்கிழமை எனக்கு வேலை. இவளை இங்க விட்டுட்டுப் போகணும். எப்படிப் போடுறதுன்னு காட்டுறேன், உக்காருங்க."

பெரியவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.